கப்பல் கிளம்புமுன் கோட்டை பார்க்க முடியுமா? – வாசகர் கேள்விகளுக்குப் பதில்

குரூஸ் பயணம் பற்றி வந்த கடிதங்களில் இந்த முறை கோட்டைக் கேள்விகள்தான் அதிகம். சொகுசுக் கப்பலில் கரைச் சுற்றுலா மேசையில் உட்கார்ந்து டூர் டிக்கெட் விற்றவன் நான். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

கேள்வி: நானும் என் கணவரும் அறுபதைத் தாண்டியவர்கள். முதல் முறையாகக் குரூஸ் போகிறோம். ஒவ்வொரு துறைமுகத்திலும் காலை 8 முதல் மாலை 5 வரை கப்பல் நிற்கும் என்று போட்டிருக்கிறது. ஒன்பது மணி நேரம் இருக்கிறதே, இரண்டு கோட்டை பார்த்துவிடலாம்தானே? கப்பல்காரர்கள் டூரில் போவதா, நாங்களே போவதா?

பதில்: அந்த ஒன்பது மணி நேரத்தை முதலில் கழித்துப் பார்ப்போம், அம்மா. எட்டு மணி என்பது கப்பல் கரையைத் தொடும் நேரம். அனுமதி கிடைத்து, முதல் கூட்டம் இறங்கி முடிய ஒன்பது ஆகிவிடும். ஐந்து மணிக்குக் கிளம்பும் கப்பலில் பெரும்பாலும் நாலரைக்கே எல்லாரும் ஏறியிருக்க வேண்டும். நாலு மணிக்குத் திரும்பினால்தான் நிம்மதி. ஆக, மிஞ்சுவது ஏழு மணி நேரம். போக வர ஆகும் நேரம், சாப்பாடு, டிக்கெட் வரிசை எல்லாம் இதற்குள்தான். இரண்டாவது கோட்டையை மறந்துவிடுங்கள். ஒன்றை ஆற அமரப் பாருங்கள்.

எந்தக் கோட்டை அழகு என்று கேட்பதற்கு முன்னால், துறைமுகத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று கேளுங்கள். கிரேக்கத்தின் ரோட்ஸ் தீவில் கப்பலை விட்டு இறங்கினால் எதிரிலேயே பழைய நகரத்தின் மதில். உள்ளே மாவீரர் தெரு வழியாக ஏறினால் கிராண்ட் மாஸ்டர் அரண்மனை. மாவீரர் என்பது செயின்ட் ஜான் சபையின் கிறிஸ்தவப் போர்வீரர்கள், கிராண்ட் மாஸ்டர் அவர்களுடைய தலைவர். போர்ட்டோ ரீக்கோவின் சான் ஹுவானிலும் பழைய நகரத்துத் துறையில் கப்பல் நின்றால் எல் மோரோ கோட்டைக்கு நடந்தே போகலாம். இந்த மாதிரி ஊர்களில் கப்பல் டூருக்குக் காசு கொடுப்பது வீண். அதை விற்றவனே சொல்கிறேன்.

ஸ்காட்லாந்தின் எடின்பரோ வேறு கதை. பெயரைப் பார்த்துவிட்டுக் கோட்டை வாசலில் இறக்கிவிடுவார்கள் என்று நினைக்கக் கூடாது. பெரிய கப்பல்கள் பல ஃபோர்த் கழிமுகத்திலேயே நங்கூரம் போட்டுவிடும். அங்கிருந்து டெண்டர் என்கிற சின்னப் படகில் நியூஹேவனுக்கோ சவுத் குவீன்ஸ்ஃபெரிக்கோ கொண்டுபோய் விடுவார்கள். டெண்டருக்கு டோக்கன், அப்புறம் பஸ், அப்புறம் ஏற்றம். காற்று பலமாக அடித்தால் டெண்டரே ஓடாது. கோட்டைக்கு நுழைவு நேரம் குறித்த டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். கோடையில் அன்றைக்குப் போய்க் கேட்டால் தீர்ந்துபோயிருக்கும். ஒரு மணிக்குள் உள்ளே போய்விட்டால் பீரங்கிச் சத்தம் கேட்கலாம். ஞாயிறு தவிர அநேகமாக எல்லா நாளும் சரியாக ஒரு மணிக்கு வெடிக்கிறார்கள். 1861இல் இதை ஆரம்பித்ததே கழிமுகத்தில் நிற்கும் கப்பல்கள் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ளத்தான்.

நடந்து போகும் தூரம் என்றால் நீங்களே போங்கள். டெண்டர், ரயில், ஒரு மணி நேர பஸ் என்று வந்தால் கப்பல் டூரே மேல். அவர்கள் பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நீங்கள் தனியாகப் போய்த் தாமதமானால் காத்திருக்காது. கடைசி நிமிடத்தில் பைகளோடு ஓடி வருகிறவர்களை மேல்தளத்தில் நின்று கைதட்டி வேடிக்கை பார்க்க ஒரு கூட்டமே உண்டு! இன்னொன்று, கப்பலின் கடிகாரமும் கரையின் கடிகாரமும் எப்போதும் ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது. இறங்கும்போது கப்பல் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். தினமும் கேபினுக்கு வரும் நிகழ்ச்சி நிரலில் துறைமுக ஏஜென்டின், அதாவது கரையில் கப்பல் கம்பெனிக்காக வேலை பார்க்கும் உள்ளூர்க்காரரின் எண் இருக்கும், அதையும் கையோடு எடுத்துப் போங்கள்.

கேள்வி: ஜெர்மனியில் ரைன் நதியில் ஆற்றுக் கப்பலில் போகிறோம். வழியெல்லாம் கோட்டைகள் என்கிறார்கள். எல்லாவற்றுக்கும் உள்ளே கூட்டிப் போவார்களா? எந்தப் பக்கத்து கேபின் எடுப்பது?

பதில்: உள்ளே போவது ஒன்றோ இரண்டோதான். மற்றதெல்லாம் தண்ணீரிலிருந்து பார்ப்பது. அதற்காக வருத்தப்பட வேண்டாம், இந்தக் கோட்டைகளை அப்படித்தான் பார்க்க வேண்டும். இவற்றில் பல, ஆற்றில் போகிறவர்களிடம் சுங்கம் வசூலிக்கக் கட்டியவை. வியாபாரி கண்ணுக்கு எப்படித் தெரிந்ததோ, அந்தக் கோணம் உங்களுக்குப் படகிலிருந்துதான் கிடைக்கும்.

கேபின் எந்தப் பக்கமாகவும் இருக்கட்டும். கோட்டைகள் இரண்டு கரையிலும் வரும், அதனால் அன்றைக்குக் கேபினில் இருக்கவே கூடாது. பிங்கனுக்கும் கோப்லென்ஸுக்கும் இடைப்பட்ட சுமார் 65 கிலோமீட்டர்தான் விசேஷம். 2002 முதல் உலக பாரம்பரியச் சின்னம். அந்த நேரம் முழுக்க மேல்தளத்தில் இருங்கள். குளிர்காற்று வரும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு பாலம்கூடக் கிடையாது, பார்வையை எதுவும் மறைக்காது. நீரோட்டத்தோடு போனால் சட்டென்று முடிந்துவிடும். எதிர்த்து வந்தால் கப்பல் மெதுவாக ஊரும், படம் எடுக்க அதுதான் வசதி.

கரையில் பெரிய பெரிய எண்கள் எழுதிய பலகைகள் தெரியும். கான்ஸ்டன்ஸ் நகரத்துப் பாலத்திலிருந்து எண்ணிவரும் கிலோமீட்டர் அது. கைடு சொல்வது காதில் விழாவிட்டாலும் இதை வைத்து இடம் கண்டுபிடிக்கலாம். 546 என்ற பலகை வரும்போது கௌப் ஊர். அங்கே ஆற்றின் நடுவில் ஒரு பாறைத்தீவில் வெள்ளைச் சுவரோடு நிற்பது ஃபால்ஸ்கிராஃபென்ஸ்டைன். பவேரியாவின் லுட்விக் மன்னர் 1320களில் கட்ட ஆரம்பித்த சுங்கச் சாவடி. ஆறு வரும் திசையைப் பார்த்துக் கூரான முனை ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும், நன்றாகக் கவனியுங்கள். வெள்ளமும் பனிக்கட்டியும் மோதாமல் பிளந்து ஓடுவதற்காக அப்படிக் கட்டியிருக்கிறார்கள். காசு கொடுக்காமல் நழுவப் பார்க்கிறவர்களைத் தடுக்க ஆற்றின் குறுக்கே சங்கிலி போட்டார்கள். எதிரே குன்றின் மேல் குட்டன்ஃபெல்ஸ் கோட்டை காவல். தப்ப வழியே இல்லை! டென்மார்க்கின் குரோன்போர்க் கோட்டைக்கும் இதே தொழில்தான். ஓரசுண்ட் ஜலசந்தியில் போகும் கப்பல்களிடம் 1857 வரை வரி வாங்கினார்கள்.

554இல் லோரலை பாறை, பாட்டுப் பாடி மாலுமிகளை மயக்கிய பெண்ணின் கதைக்குப் பேர்போனது. அந்தக் கதையை எல்லாரும் சொல்வார்கள், நான் விட்டுவிடுகிறேன்.

உள்ளே போக ஒரு கோட்டைதான் தேர்ந்தெடுக்கலாம் என்றால் பிராவ்பாக் ஊரின் மார்க்ஸ்பர்க். ரைனின் இந்தப் பகுதியில் குன்றின் மேல் உள்ள கோட்டைகளில் ஒருபோதும் அழிக்கப்படாதது அது ஒன்றே. கைடோடுதான் உள்ளே விடுவார்கள். வாசலைத் தாண்டியதும் குதிரைகள் ஏறுவதற்காகப் பாறையிலேயே வெட்டிய படிகள் வரும், ஒன்றுபோல் ஒன்று இருக்காது. நல்ல பிடிமானமுள்ள ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: ரோட்ஸ் அரண்மனை நிஜமில்லை, புதிதாகக் கட்டியது என்கிறான் என் பேரன். அப்படியானால் எதற்குப் போக வேண்டும்?

பதில்: பேரன் பாதி சரி. மாவீரர்கள் 1309 முதல் 1522 வரை அந்தத் தீவை ஆண்டார்கள். அவர்களுடைய அரண்மனை 1856இல் நடந்த வெடிமருந்து விபத்தில் சிதைந்துபோனது. இப்போது நீங்கள் பார்ப்பதில் பெரும்பகுதி, தீவு இத்தாலியர் கையில் இருந்தபோது 1937 முதல் 1940 வரை எழுப்பியது. தரையில் உள்ள மொசைக் ஓவியங்களும் கோஸ் தீவிலிருந்து கொண்டுவந்தவை. ஆனால் வெளியே இருக்கும் மதிலும் அகழியும் அசல்தான். எனவே அரண்மனைக்கு ஒரு மணி நேரம் போதும், மீதியை அகழிக்குள் நடக்க வைத்துக்கொள்ளுங்கள். கூட்டமும் குறைவு.

எனக்கு என்னவோ இடிந்ததை இடிந்தபடியே விட்டால்தான் பிடிக்கிறது. ஜெர்மனியின் ஹைடல்பர்க் கோட்டை அப்படித்தான். பிரெஞ்சுப் படைகள் 1689இலும் 1693இலும் உடைத்தன, 1764இல் இடி விழுந்தது. பாதிச் சுவர் இன்னமும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆனால் அது ரைன் கரையில் இல்லை, நெக்கர் நதிக்கரையில். கப்பலிலிருந்து பஸ்ஸில்தான் போக வேண்டும்.

கேள்வி: முழங்கால் வலி. கோட்டை எல்லாம் எனக்கு ஒத்துவருமா?

பதில்: மான்டினீக்ரோவின் கோட்டோரில் மட்டும் வீம்பு பிடிக்காதீர்கள். மலைக்கோட்டைக்கு சுமார் 1,350 படிகள். கீழே பழைய நகரத்திலேயே சுற்றிவிட்டு, மதில் மலையில் வளைந்து ஏறுவதைக் கப்பலிலிருந்தே பாருங்கள். மற்ற இடங்களில் டூர் குறிப்பில் “கடினமான நடை” என்று போட்டிருந்தால் நம்புங்கள். “மிதமான நடை” என்று போட்டிருந்தாலும் படிக்கட்டு எத்தனை என்று மேசையில் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: சான் ஹுவானுக்கு எங்கள் கப்பல் மாலை நாலு மணிக்குத்தான் போகிறது. எல் மோரோ கோட்டைக்குள் போக முடியுமா?

பதில்: சந்தேகம்தான், ஐயா. மாலையில் சீக்கிரமே மூடிவிடுவார்கள். ஆனால் உங்கள் கப்பல் விரிகுடாவுக்குள் நுழைவதே அந்தக் கோட்டையின் காலடியில்தான். ஸ்பானியர்கள் 1539இல் ஆரம்பித்து ஆறு அடுக்காகக் கட்டியது இந்த வாயிலுக்குள் எதிரிக் கப்பல் வராமல் தடுக்கத்தான். மூன்று மணிக்கே மேல்தளத்துக்குப் போய், கப்பல் போகும் திசையில் இடது பக்கம் இடம் பிடித்துவிடுங்கள்.