யுரேனஸின் நிலவுகளும் காவலூரும்

அன்புள்ள ஐயா,

மேலூர் பக்கத்துப் பள்ளி ஒன்றில் கணிதம் கற்பிக்கிறேன். யுரேனஸுக்கு எத்தனை நிலவுகள் என்று மாணவி ஒருத்தி கேட்டாள். பழைய நூலொன்றில் 27 என்றிருக்கிறது. 28 என்றும் 29 என்றும்கூடப் படித்தேன். எதைச் சொல்வது? மதுரையில் ஒரு கூட்டத்தில் பேசியவர், இந்த நிலவுகளை நம் சித்தர்கள் அன்றே கண்டு பாடிவிட்டார்கள் என்றார். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. அது உண்மையா? அங்கே உயிர்கள் இருக்க வாய்ப்புண்டா? என்னிடமுள்ள மூன்று அங்குலத் தொலைநோக்கியில் அவற்றைக் காண முடியுமா?

முருகேசன், மேலூர்

அன்புள்ள முருகேசன்,

எண்ணிக்கையை முதலில் முடித்துவிடுகிறேன். இன்றைய கணக்கு 29. இருபத்தெட்டாவது நிலவு 2024-இல் அறிவிக்கப்பட்டது. அடுத்தது, ஜேம்ஸ் வெப் விண்தொலைநோக்கி 2025-இல் எடுத்த படங்களில் அகப்பட்டது. கரும்பலகையில் எழுதும்போது பக்கத்தில் தேதியையும் எழுதிவிடுங்கள். உயிர்களைப் பற்றிய கேள்வியை விட்டுவிடலாம். டைட்டானியா, ஓபரான் போன்ற பெரிய நிலவுகளின் பனிக்கட்டிக்கு அடியில் நீர் இருக்கக்கூடும் என்கிறார்கள். அதற்கு மேல் பேசுவது இப்போதைக்கு வெறும் ஊகம்.

அந்தக் கூட்டத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அதற்காகவே இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன். நீங்களும் கைதட்டினீர்களா என்பது உங்கள் கடிதத்தில் இல்லை. எந்தப் பாட்டு, எந்த வரி என்று ஒரு கணித ஆசிரியர் எழுந்து கேட்டிருக்க வேண்டாமா? யுரேனஸ் வெறுங்கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் கோள். சூரியனை ஒருமுறை சுற்றிவர அதற்கு 84 ஆண்டுகள் ஆகின்றன; அவ்வளவு மெதுவாக நகர்வதால் விண்மீன் போலவே தோன்றும். 1690-இல் ஆங்கிலேய வானியலாளர் ஜான் ஃபிளாம்ஸ்டீட் அதைப் பார்த்துவிட்டு விண்மீன் என்றே தம் பட்டியலில் குறித்துக்கொண்டார். 1781-இல் வில்லியம் ஹெர்ஷல் கண்ட பிறகுதான் அது கோள் என்று தெரியவந்தது. டைட்டானியாவையும் ஓபரானையும் 1787-இல் கண்டவரும் அவரே. கோளையே விண்மீனிலிருந்து பிரித்தறிய முடியாத கண்ணுக்கு அதன் நிலவுகள் எங்கே தெரியப் போகின்றன? இதை அறியாததில் நம் முன்னோருக்கு எந்த இழுக்கும் இல்லை. நிலவின் பாதையும் சூரியனின் பாதையும் வெட்டிக்கொள்ளும் இரு புள்ளிகளை ராகு, கேது என்று கணக்கில் கொண்டு கிரகணத்தை முன்னறிந்தவர்களுக்கு, அவர்கள் செய்யாத வேலையையும் சேர்த்து ஏற்றிச் சொல்வதுதான் இழுக்கு.

இத்தகைய பேச்சுகளைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பழகிவிட்டது. பழகாதது ஒன்றுண்டு. அதே அவையில் காவலூர் என்ற ஊர்ப்பெயரைச் சொல்லியிருந்தால் எத்தனை கைகள் தட்டியிருக்கும்? ஜவ்வாது மலையில் இருக்கும் அந்த வானாய்வு நிலையத்துக்கும் நீங்கள் கேட்ட யுரேனஸுக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்பது உங்களுக்குத் தெரியுமா?

1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு மங்கலான விண்மீனுக்கு முன்னால் கடக்கும் என்று கணித்திருந்தார்கள். காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் அதைக் கண்காணித்த ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும், கோளுக்கு வெகுதூரம் வெளியே அந்த விண்மீனின் ஒளி சில நொடிகள் மங்கி மீண்டதைப் பதிவு செய்தார்கள். யுரேனஸுக்குப் புதிய நிலவு ஒன்று இருக்கிறது என்று பொருள் கொண்டு நேச்சர் என்ற அறிவியல் இதழில் வெளியிட்டார்கள். அதே நிகழ்வை அமெரிக்க வானியலாளர் ஜேம்ஸ் எலியட்டின் குழு இந்தியப் பெருங்கடலுக்கு மேலே விமானத்தில் பறந்தபடி நோக்கியது. அவர்களும் முதலில் சிறு நிலவுகள் என்றே எண்ணினார்கள். கோளின் இரு பக்கத்திலும் ஒரே தொலைவுகளில் ஒளி மங்கியிருப்பதைப் பொருத்திப் பார்த்த பிறகே, யுரேனஸைச் சுற்றி வளையங்கள் உள்ளன என்று அறிந்தார்கள். காவலூரில் பதிவானது அவற்றுள் அகலமான எப்சிலான் வளையம்.

ஒளி மங்கியதை மட்டும் வைத்து, மறைத்தது எது என்று சொல்லிவிட முடியாது; இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் என் இயற்பியல் ஆசிரியர். தைப்பூசத் தெப்பத்தின்போது வண்டியூர்த் தெப்பக்குளத்துக் கரைச்சுவரில் எங்களை வரிசையாக நிறுத்தி, மைய மண்டபத்தின் ஒரு விளக்கை மட்டும் பார்க்கச் சொன்னார். இருட்டில் தெப்பத்தை இழுக்கும் வடமோ வேறு எதுவோ குறுக்கிட, விளக்கு ஒரு கணம் மறைந்து தெரிந்தது. "ஒத்த வெளக்க மட்டும் பாத்துக்கிட்டு நின்னா, மறைச்சது வடமா வேற எதுவுமான்னு எப்பிடிடா சொல்லுவ?" என்று கேட்டார். பொரி வாங்க ஓட நினைத்தவனின் தலையில் ஒரு குட்டும் விழுந்தது. குட்டு வாங்கியவன் நான்தான்.

காவலூர்க்காரர்கள் தவறிவிட்டார்கள் என்று உடனே சொல்லக் கிளம்புவோரை நான் அறிவேன். ஹெர்ஷல் யுரேனஸுக்கு ஆறு நிலவுகள் கண்டதாகச் சொன்னார். அவற்றுள் நான்கு இல்லவே இல்லாதவை. ஆயினும் அவை அரை நூற்றாண்டுக்கு மேல் கணக்கில் இருந்தன. ஏரியல், அம்ப்ரியல் என்ற நிலவுகளை 1851-இல் கண்ட வில்லியம் லாசலுக்குப் பிறகே குழப்பம் தெளிந்தது. அதனால் ஹெர்ஷலை யாரும் குறைத்துப் பேசுவதில்லை. காவலூரில் ஒளி மங்கியது உண்மை. கருவி பதிவு செய்ததும் உண்மை. எதனால் என்பது மட்டும் பின்னர் திருத்தம் பெற்றது. நம் மேடைகளுக்கு இந்தத் திருத்தம்தான் ஒவ்வாமை. திருத்தவே வேண்டாத பெருமை வேண்டும் என்பதால், சரிபார்க்கவே முடியாத பாட்டைத் தேடிப் போகிறார்கள்; தேதியும் கருவியும் பெயரும் உள்ள பெருமை தூசி படிந்து கிடக்கிறது.

இதில் இன்னொன்றும் உண்டு. 1986 ஜனவரியில் வாயேஜர் 2 விண்கலம் யுரேனஸைக் கடந்தபோது, கார்டீலியா, ஒஃபீலியா என்ற இரு சிறு நிலவுகள் எப்சிலான் வளையத்தின் உள்ளும் வெளியுமாகச் சுற்றி, அது சிதறாமல் கட்டி வைத்திருப்பது தெரிந்தது. காவலூர்க்காரர்கள் நிலவு என்று நினைத்த இடத்துக்கு இருபுறமும் நிலவுகள்தாம் இருந்தன. அதே மாதத்தில்தான் காவலூர் நிலையம், அதை உருவாக்கிய வானியலாளர் வைணு பாப்புவின் பெயரைப் பெற்றது.

தொலைநோக்கியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மூன்று அங்குலத்தில் யுரேனஸ் ஒரு வெளிர்நீலப் புள்ளியாகத் தெரியும். அதன் நிலவுகள் தெரியா. டைட்டானியாவைக் காணவே எட்டு, பத்து அங்குலமாவது வேண்டும், விளக்கொளி இல்லாத வானமும் வேண்டும். அந்தப் பெண்ணுக்கு முதலில் வியாழனின் நான்கு நிலவுகளைக் காட்டுங்கள். ஒரு வாரம் தினமும் அவற்றின் இடத்தை நோட்டில் வரைந்து வரச் சொல்லுங்கள். பிறகு விடுமுறையில் மாணவர்களைக் காவலூருக்கு அழைத்துச் செல்லுங்கள். பார்வையாளர்களை எந்த நாளில் அனுமதிக்கிறார்கள் என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.