நெகாரா பங்சானா ஒரே இனம் வாழற நாடு இல்லண்ணே

அண்ணே, உங்க மக நம்ம மலேசியா படிவம் 4 சரித்திர பாடத்துல நெகாரா பங்சாங்கிற மலாய் சொல்லுக்கு 'ஒரே இனம் வாழற நாடு'ன்னு எழுதி டீச்சர் அத கோடு போட்டு அடிச்சிட்டாங்க, என்ன தப்புன்னு கேட்டிருக்கீங்க. பிள்ளைய திட்டாதீங்க, குழப்பம் அந்த பங்சாங்கிற சொல்லுலதான் இருக்கு. நாம நிரப்புற அரசாங்க படிவத்துல பங்சான்னு இருந்தா 'இந்தியா'ன்னு எழுதுறோம், அது இனம், ஆனா இங்க பங்சானா தேசம், நாம எல்லாம் ஒண்ணுன்னு நினைக்கிற மக்கள், நெகாரானா எல்லை, சட்டம், அரசாங்கம், ரெண்டும் பொருந்தி வந்தாதான் தேச அரசு.

கொரியாவ சொல்லி குடுங்க, தேசம் ஒண்ணு, 1948லேர்ந்து அரசு ரெண்டு. குர்து மக்கள் நேர்மாறு, தேசமா இருக்காங்க, தனி நாடு கிடையாது, துருக்கி ஈராக் ஈரான் சிரியான்னு சிதறி கிடக்காங்க. நமக்கு 1957ல சுதந்திரம், 1963ல மலேசியா உருவாச்சு, அரசு வந்துருச்சு, தேசம் இன்னும் வளர்ந்துகிட்டுதான் இருக்கு, அதனாலதான் 1991ல அப்ப பிரதமரா இருந்த மகாதீர் 'பங்சா மலேசியா'வ, அதாவது எல்லா இனமும் சேர்ந்த ஒரே மலேசிய தேசத்த, ஒரு இலக்கா வச்சாரு.

எனக்கு இது பாட்டியாலதான் புரிஞ்சது. சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து லயத்துல பொறந்து, ரப்பர் மரத்துல பால் வெட்டியே காலத்த ஓட்டுனவங்க, கடைசி வரைக்கும் சிகப்பு ஐசி, அதாவது குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்கு குடுக்கற அடையாள அட்டைதான். 2013 தேர்தல்ல நான் ஓட்டு போட்டுட்டு விரல் மையோட வீட்டுக்கு வந்தப்ப என் விரல புடிச்சு தடவி தடவி பார்த்தாங்க. இந்த மண்ண தவிர வேற ஊரு தெரியாது அவங்களுக்கு, ஆனா அரசு கணக்குல குடிமகள் இல்ல.

மகள 'இனம்'ங்கிறத எடுத்துட்டு 'ஒரே தேசமா உணர்ற மக்களோட இறையாண்மை உள்ள நாடு'ன்னு மாத்தி எழுத சொல்லுங்கண்ணே.