ஆர்டரை ‘முடித்தோம்’ என்று ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?

கேள்வி: திருப்பூரில் ஒரு ஆடை ஏற்றுமதி நிறுவனத்தில், ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்கு மெயில் எழுதும்போது ‘முடித்துவிட்டோம்’ என்ற இடம் வந்தாலே கை நின்றுவிடுகிறது. ஸ்டாப், எண்ட், ஃபினிஷ், கம்ப்ளீட், குளோஸ், கன்க்ளூட், டெர்மினேட் எல்லாவற்றுக்கும் அகராதியில் ‘முடி’, ‘நிறுத்து’ என்றே இருக்கிறது. எதை எங்கே போடுவது? முந்தைய வேலையை விட்டதை பயோடேட்டாவில் எப்படிக் குறிப்பிடுவது?

பதில்: எழுதும் முன் உங்களையே இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். செய்ய வேண்டியது முழுதும் செய்தாயிற்றா, பாதியில் நின்றதா? நின்றது என்றால், மறுபடி தொடங்க இடம் இருக்கிறதா? நீங்கள் சொன்ன ஏழில் பெரும்பாலானவை இந்த இரண்டு கேள்வியிலேயே பிரிந்துவிடும்.

‘ஸ்டாப்’ என்றால் ஓட்டம் நின்றது, அவ்வளவுதான். மழை நின்றது, மெஷின் நின்றது, பஸ் நின்றது என்று நாம் சொல்லும் இடமெல்லாம் அதற்கு உரியது. வேலை நிறைவேறியதா என்பதைப் பற்றி அந்தச் சொல் ஒன்றும் சொல்லாது. அதனால் ‘வீ ஹாவ் ஸ்டாப்டு யுவர் ஆர்டர்’ என்று எழுதினால், என்ன தகராறு என்று கேட்டு பையர் உடனே போன் செய்வார். ‘ஃபினிஷ்’ அப்படியில்லை. எடுத்த வேலையைக் கடைசி வரை செய்துவிட்டோம் என்பது அதில் அடங்கியிருக்கிறது. சாப்பாட்டை ஃபினிஷ் செய்தவர் தட்டு காலி. ஸ்டாப் செய்தவர் தட்டில் மிச்சம் இருக்கும்.

உங்கள் தொழிலில் இங்கே ஒரு சிக்கல் உண்டு. அயர்னிங், செக்கிங், பேக்கிங் நடக்கும் பிரிவுக்கே ஃபினிஷிங் என்றுதான் பெயர். வெறுமனே ‘கார்மென்ட்ஸ் ஆர் ஃபினிஷ்டு’ என்று எழுதினால், துணி அயர்ன் ஆகிப் பெட்டிக்குள் போய்விட்டது என்றே பையர் எடுத்துக்கொள்வார். தையல் மட்டும் முடிந்திருந்தால் ‘ஸ்டிச்சிங் இஸ் ஃபினிஷ்டு’ என்று எந்தக் கட்டம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

‘கம்ப்ளீட்’ கணக்கோடு சேர்ந்த சொல். இவ்வளவு வேண்டும் என்று முன்பே ஓர் அளவோ பட்டியலோ இருந்து, அது குறையில்லாமல் நிறைந்தால்தான் கம்ப்ளீட். படிவத்தை ‘கம்ப்ளீட்’ செய்யச் சொன்னால் ஒரு கட்டம்கூட விடக்கூடாது. ஆன்டிபயாடிக் கோர்ஸை கம்ப்ளீட் செய்யச் சொன்னால், காய்ச்சல் விட்டாலும் எழுதிக்கொடுத்த மாத்திரை முழுவதையும் சாப்பிட வேண்டும். 10,000 பீஸ் ஆர்டரில் 9,600 அனுப்பியிருந்தால், உங்கள் பக்கம் வேலை ஓய்ந்திருந்தாலும் ஆர்டர் கம்ப்ளீட் ஆகவில்லை. மீதி வேண்டாம், இதோடு கணக்கை முடிக்கலாம் என்று பையர் ஒப்புக்கொண்டால் அதற்கு ‘ஷார்ட் குளோஸ்’ என்ற சொல் வழக்கில் இருக்கிறது. ‘குளோஸ்’ என்பதே பதிவேட்டுக்கான சொல்: ஃபைல், வங்கிக் கணக்கு, பர்ச்சேஸ் ஆர்டர். சரக்கு முழுதும் போய்ச் சேர்ந்த அன்று ஆர்டர் கம்ப்ளீட். பணம் வந்து, கிளெய்ம் ஏதும் இருந்தால் அதுவும் தீர்ந்த பிறகே குளோஸ். இந்த இரண்டையும் ஒன்றாக எழுதினால், பாக்கியைக் கேட்கும்போது ‘நீங்களே குளோஸ் என்று எழுதினீர்களே’ என்ற பதில் வரலாம்.

இலக்கணத்திலும் கம்ப்ளீட் முரண்டு பிடிக்கும். தமிழில் ‘முடிந்தது’, ‘முடித்தோம்’ என்று தன்வினையும் பிறவினையும் தனித்தனியாக இருக்கின்றன. ஸ்டாப், எண்ட், ஃபினிஷ் மூன்றும் இரண்டு வேலையையும் பார்க்கும். கம்ப்ளீட் பொது வழக்கில் ‘முடித்தோம்’ மட்டுமே. ஆகவே ‘தி வொர்க் கம்ப்ளீட்டட் எஸ்டர்டே’ தவறு. நடுவில் ‘வாஸ்’ வேண்டும்.

‘எண்ட்’ எல்லையைக் காட்டுவது. சாலை ஓர் இடத்தில் எண்ட் ஆகும், ஃபினிஷ் ஆகாது. மீட்டிங், போன் பேச்சு, போர், உறவு இவையும் எண்ட் ஆகும். கடிதத்துக்கு இரண்டும் பொருந்தும், ஆனால் பொருள் வேறு: ‘ஃபினிஷ்டு தி லெட்டர்’ என்றால் எழுதி முடித்தார், ‘எண்டட் தி லெட்டர் வித் தேங்க்ஸ்’ என்றால் நன்றி சொல்லிக் கடிதத்தை நிறைவுசெய்தார். ஸ்டாப்புக்கும் எண்டுக்கும் உள்ள தூரத்துக்குக் கொரியப் போரே சான்று. 1953 ஜூலை 27இல் போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தாகிச் சண்டை ஸ்டாப் ஆனது. அமைதி உடன்படிக்கை எதுவும் கையெழுத்தாகாததால், முறைப்படி அந்தப் போர் எண்ட் ஆகவில்லை.

எல்லாவற்றையும்விட அதிகம் காலை வாரக்கூடியது ‘கன்க்ளூட்’. பேச்சையோ கூட்டத்தையோ கன்க்ளூட் செய்தால் நிறைவு செய்தார்கள் என்று பொருள். ஒப்பந்தத்தைக் கன்க்ளூட் செய்தால் அதை இறுதி செய்து ஏற்படுத்தினார்கள் என்று பொருள், ரத்து செய்தார்கள் என்றல்ல! உடன்படிக்கைகள் பற்றிய 1969ஆம் ஆண்டு வியன்னா மாநாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பகுதித் தலைப்பில் ‘கன்க்ளூஷன்’ வருகிறது. உடன்படிக்கை செய்துகொள்ளும் முறையைச் சொல்லும் பகுதி அது. அதை முடிவுக்குக் கொண்டுவருவதைச் சொல்லும் ஐந்தாம் பகுதியின் தலைப்பில் இருப்பதோ ‘டெர்மினேஷன்’. பையர் ‘வீ ஹாவ் கன்க்ளூடட் தி அக்ரிமென்ட்’ என்று எழுதினால் நல்ல செய்தி.

‘டெர்மினேட்’ என்பது, உரிமை உள்ள ஒருவர் நடப்பில் இருக்கும் ஒன்றை முறைப்படி துண்டிப்பது. நாள் கழிந்து தானாக முடிந்தால் அது ‘எக்ஸ்பயர்’. இந்தப் பிரிவினை இன்ஷூரன்ஸ் பாலிசியில் தெளிவாகத் தெரியும். அந்தச் சொற்கள் ஏற்கெனவே நம் வீடுகளில் புழங்குகின்றன. காலம் முடிந்து பணம் வந்தால் மெச்சூர். பிரீமியம் கட்டாமல், சலுகைக் காலமும் தாண்டினால் லேப்ஸ். அந்தச் சலுகைக் காலம் மாதாமாதம் கட்டுபவருக்கு 15 நாள், ஆண்டுக்கொரு முறை கட்டுபவருக்கு 30 நாள். நாமே நடுவில் திருப்பிக் கொடுத்தால் சரண்டர். பாலிசி ‘முடிந்துபோச்சு’ என்று மூன்றையும் சொல்லலாம், கையில் வரும் தொகை மூன்றிலும் வேறு.

அடுத்து வரும் சொல்லின் வடிவத்திலும் கவனம் வேண்டும். ஃபினிஷுக்குப் பின் ‘டு’ வராது: ‘ஃபினிஷ்டு பேக்கிங்’ சரி, ‘ஃபினிஷ்டு டு பேக்’ தவறு. ஸ்டாப்புக்குப் பின் இரண்டும் வரும், பொருள் தலைகீழாகும். ‘தே ஸ்டாப்டு செக்கிங்’ என்றால் செக் செய்வதையே கைவிட்டார்கள். ‘தே ஸ்டாப்டு டு செக்’ என்றால் செக் செய்வதற்காக மற்ற வேலையை நிறுத்தினார்கள். தரம் பற்றிய மெயிலில் இது மாறினால் நிலைமை மோசமாகும். ‘எண்டட் அப் பேக்கிங்’ என்பதற்கோ, நினைக்காமல் கடைசியில் பேக்கிங் செய்ய வேண்டியதாயிற்று என்று பொருள். பேக்கிங் முடிந்ததாக ஆகாது.

பயோடேட்டாவுக்கு வருவோம். ‘ஃபினிஷ்டு மை ஜாப்’ என்றால் இன்றைய வேலை முடிந்தது என்றுதான் படிப்பார்கள். ‘க்விட்’ பேச்சு வழக்கு, வெடுக்கென்று ஒலிக்கும். ‘வாஸ் டெர்மினேட்டட்’ என்றால் உங்களை நீக்கினார்கள் என்று பொருள். ஒப்பந்தக் காலம் முடிந்து வெளியே வந்திருந்தால் ‘மை கான்ட்ராக்ட் எண்டட்’, நீங்களே விலகியிருந்தால் ‘ரிசைன்டு’ அல்லது ‘லெஃப்ட்’. படிப்பைக் குறிக்கும்போது ஆண்டு போட்டால் ‘ஹாவ்’ போடாதீர்கள், ‘கம்ப்ளீட்டட் பி.காம் இன் 2019’ போதும். பாதியில் விட்ட படிப்பை நம் ஊரில் ‘டிஸ்கன்டினியூ’ என்கிறோம். ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் கம்பெனி ஒரு பொருளின் தயாரிப்பை நிறுத்துவதற்கும், மருந்தை நிறுத்துவதற்கும் வரும். ‘லெஃப்ட் பிஃபோர் கம்ப்ளீட்டிங் தி கோர்ஸ்’ என்று எழுதினால் குழப்பம் இல்லை. ‘ரிலீவ்டு’ என்ற சொல்லை வெளிநாட்டுக்கு அனுப்பும் பயோடேட்டாவில் தவிர்த்துவிடுங்கள். நம் அலுவலகங்களில் அது சாதாரணம். அங்கே ‘ரிலீவ்டு ஆஃப் ஹிஸ் டியூட்டீஸ்’ என்பது வேலையிலிருந்து நீக்கியதை நாகரிகமாகச் சொல்லும் தொடர். அந்த இடத்தில் ‘லாஸ்ட் வொர்க்கிங் டே’ என்று போட்டு, பக்கத்தில் தேதியை எழுதுங்கள்.