கணக்கைக் காட்டினால் வட்டி குறையுமா?

கேள்வி: கோவை கணபதியில் பம்ப்செட் உதிரிபாகப் பட்டறை வைத்திருக்கிறேன். 40 லட்ச ரூபாய் சி.சி. லிமிட்டுக்கு (தேவைப்படும்போது எடுத்துத் திருப்பிக் கட்டும் கடன் வரம்பு) வங்கியில் 12.5 சதவீதம் கேட்கிறார்கள். அதே கிளையில் பக்கத்துப் பட்டறைக்காரருக்கு 10 சதவீதம்தான். என் விற்பனையில் ஒரு பகுதி பில் இல்லாமல் நடக்கிறது. ‘பேலன்ஸ் ஷீட்டை நான் சரிபண்ணித் தருகிறேன்’ என்கிறார் ஒரு லோன் கன்சல்டன்ட். அவரை நம்பலாமா, இல்லை எல்லாவற்றையும் காட்டிவிடவா?

பதில்: காட்டிவிடுங்கள். 2019 அக்டோபரிலிருந்து சிறுதொழில்களுக்கான மாறும் வட்டிக் கடன்கள் ரெப்போ (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டி) போன்ற வெளி விகிதத்தை ஒட்டியே தரப்படுகின்றன. அந்த அடிப்படை உங்கள் இருவருக்கும் ஒன்றுதான். அதற்கு மேல் வங்கி ஏற்றுவதில்தான் வித்தியாசம். பட்டறையில் எவ்வளவு ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியும். மேனேஜருக்குத் தெரிவது தாளில் இருப்பது மட்டும். தெரியாததை அவர் உங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ள மாட்டார், வட்டியில் ஏற்றிவிடுவார். 40 லட்சத்துக்கு 2.5 சதவீதம் என்றால் வருஷத்துக்கு ஒரு லட்சம். பில் போடாமல் மிச்சம்பிடித்ததில் இது கழியும். வரித்துறை பிடித்தால் வரும் அபராதம் தனி.

கன்சல்டன்ட் பக்கமே போகாதீர்கள். பேலன்ஸ் ஷீட்டை ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், வருமான வரிக் கணக்கு, கரன்ட் அக்கவுன்ட் வரவு மூன்றோடும் வங்கி ஒப்பிட்டுப் பார்க்கும். ஆடிட்டர் கையெழுத்திடும் ஒவ்வொரு ஆவணத்துக்கும் யு.டி.ஐ.என். என்ற தனி அடையாள எண் உண்டு, அதை இணையத்திலேயே சரிபார்த்துவிடுவார்கள். பொய் வெளிப்பட்டால் கமிஷன் வாங்கியவர் போனை எடுக்க மாட்டார். மோசடி வழக்கு உங்கள் பெயரில்தான் வரும். அரசுத் தளத்தில் இலவசமாகச் செய்யும் உத்யம் என்ற சிறுதொழில் பதிவுக்கே காசு பிடுங்குகிற கூட்டம் இது.

ஒரு விலக்கு உண்டு. நீங்கள் பெரிய கம்பெனிக்குச் சப்ளை செய்தால் ட்ரெட்ஸ் என்ற இணையத் தளத்தில் பில்லைக் கொடுத்து, கம்பெனி பணம் தரும் முன்பே வங்கியிடமிருந்து பணம் வாங்கலாம். 250 கோடி ரூபாய்க்கு மேல் டர்ன்ஓவர் உள்ள கம்பெனிகள் அதில் சேர்ந்தாக வேண்டும். அங்கே வட்டியை முடிவுசெய்வது சரக்கு வாங்கும் கம்பெனியின் கடன் தரம். உங்கள் பேலன்ஸ் ஷீட் பலவீனமாக இருந்தாலும் பெரிதாகப் பாதிக்காது. ஆனால் கம்பெனி அந்தப் பில்லை ஏற்றுக்கொள்ள வேண்டும். சேர்ந்துவிட்டு ஏற்காமல் இழுத்தடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். பில்லே இல்லாத சரக்குக்கு இந்த வழியும் கிடையாது.

வங்கிகள் மீதும் எனக்குக் கோபம் உண்டு. உங்கள் சம்மதத்தோடு கணக்கை நேரடியாகப் பெறும் அக்கவுன்ட் அக்ரிகேட்டர் வசதி 2021-லேயே வந்துவிட்டது. இன்னமும் ஒரே ஸ்டேட்மென்டை மூன்று முறை ஜெராக்ஸ் கேட்கிறார்கள். நேர்மையாகக் காட்டுகிறவனை இப்படி அலைக்கழித்தால் அவன் புரோக்கரிடம்தான் போவான்.

இந்த மாதத்திலிருந்தே எல்லாவற்றுக்கும் பில் போடுங்கள். உங்கள் தொழிலின் கடன் தரத்தைக் காட்டும் சிபில் எம்.எஸ்.எம்.இ. ரேங்கை எடுத்துப் பாருங்கள்; 1 முதல் 10 வரை இருக்கும், 1 தான் சிறந்தது. ரெப்போவுக்கு மேல் எவ்வளவு ஏற்றியிருக்கிறார்கள், எதற்காக என்று எழுத்தில் கேளுங்கள். ஒரு வருஷக் கணக்கு சுத்தமாகச் சேர்ந்ததும் அதே கிளையில் வட்டியை மறுபரிசீலனை செய்யச் சொல்லி மனு கொடுங்கள். மறுத்தால் வேறு வங்கிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.