சான் டியேகோவுக்கு மாற்றல்: வர்ஜீனியா நர்ஸ் லைசன்ஸ் செல்லுமா?

கேள்வி: என் கணவர் அமெரிக்கக் கடற்படையில் இருக்கிறார். வர்ஜீனியாவின் நார்ஃபோக்கிலிருந்து கலிபோர்னியாவின் சான் டியேகோவுக்கு மாற்றல் ஆர்டர் வந்துவிட்டது. நான் தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங் முடித்து, என்கிளெக்ஸ் என்ற அமெரிக்க நர்ஸ் லைசன்ஸ் தேர்வில் தேறி, வர்ஜீனியாவில் மல்டிஸ்டேட் ஆர்.என். (ரெஜிஸ்டர்ட் நர்ஸ்) லைசன்ஸ் வைத்திருக்கிறேன். குழந்தை பிறந்ததால் மூன்று வருஷமாக வேலைக்குப் போகவில்லை. சான் டியேகோவில் ஒரு மருத்துவமனையில் விசாரித்தால், "கலிபோர்னியா லைசன்ஸ் இல்லை, இரண்டு வருஷ அனுபவமும் இல்லை, முடியாது" என்கிறார்கள். ராணுவத்தினரின் மனைவிகளுக்கு ஏதோ சட்டம் இருக்கிறதாமே, எனக்குப் பொருந்துமா?

– வாசகி, நார்ஃபோக்

பதில்: பொருந்தும், சகோதரி. அந்த மூன்று வருஷ இடைவெளியும் இப்போது தடை இல்லை.

முதலில் மல்டிஸ்டேட் விஷயம். உங்கள் லைசன்ஸ் நர்ஸ் லைசன்சர் காம்பாக்ட் என்ற மாநில ஒப்பந்தத்தின் கீழ் வருவது; அதில் சேர்ந்த மாநிலங்களில் எல்லாம் ஒரே லைசன்ஸ் செல்லும். கலிபோர்னியா அதில் சேரவில்லை. ஆகவே 'மல்டிஸ்டேட்' என்று அச்சிட்டிருப்பதை நம்பி அங்கே ஒரு ஷிஃப்ட்கூடப் பார்க்கக் கூடாது. அது லைசன்ஸ் இல்லாமல் வேலை பார்த்த குற்றமாகி, வர்ஜீனியா லைசன்ஸையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.

உங்களுக்குக் கைகொடுப்பது வேறொரு மத்தியச் சட்டம்: சர்வீஸ்மெம்பர்ஸ் சிவில் ரிலீஃப் ஆக்ட், சுருக்கமாக எஸ்.சி.ஆர்.ஏ. ராணுவ ஆர்டரால் மாநிலம் மாறுகிறவரின் லைசன்ஸும், அவருடைய கணவன் அல்லது மனைவியின் லைசன்ஸும் புதிய மாநிலத்தில் செல்லும் என்ற பிரிவை 2023 ஜனவரியில் இதில் சேர்த்தார்கள். மாற்றலுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் அந்த லைசன்ஸை வைத்து வேலை பார்த்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை அப்போது இருந்தது. மருத்துவமனைக்காரர்கள் சொல்வது அந்தப் பழைய விதியாக இருக்கலாம். 2024 டிசம்பர் திருத்தத்தில் அது நீக்கப்பட்டுவிட்டது. இப்போது பார்ப்பது லைசன்ஸ் நல்ல நிலையில் இருக்கிறதா, ஒழுங்கு நடவடிக்கையோ விசாரணையோ உண்டா என்பதைத்தான். பேசும்போது 50 யு.எஸ்.சி. 4025ஏ என்று பிரிவு எண்ணைச் சொல்லியே கேளுங்கள். வேலைக்கு எடுப்பதற்கு அனுபவம் கேட்பது மருத்துவமனையின் சொந்த விருப்பம், அதைச் சட்டம் தடுக்காது. ஆனால் லைசன்ஸ் செல்லாது என்று அதைக் காரணம் காட்ட முடியாது.

இது தானாக நடக்காது. கலிபோர்னியாவின் போர்ட் ஆஃப் ரெஜிஸ்டர்ட் நர்சிங்கிடம் விண்ணப்பம் போட்ட பிறகே உரிமை வரும். மூன்று தாள்கள் வேண்டும்: கணவரின் மாற்றல் ஆர்டர், திருமணச் சான்றிதழ், நோட்டரி முன் கையெழுத்திட்ட அஃபிடவிட். விண்ணப்பிப்பவர் நீங்கள்தான், சொன்னதெல்லாம் உண்மை, கலிபோர்னியாவின் லைசன்ஸ் தகுதிகளையும் நர்ஸ் செய்யக்கூடிய பணிகளின் வரம்பையும் படித்துப் புரிந்துகொண்டேன், அவற்றுக்கு உட்படுகிறேன், லைசன்ஸ் வைத்திருக்கும் எல்லா மாநிலங்களிலும் நல்ல நிலையில் இருக்கிறேன் என்று அந்த அஃபிடவிட்டில் உறுதி சொல்ல வேண்டும். கடற்படைத் தளத்தில் இருக்கும் லீகல் அசிஸ்டன்ஸ் அலுவலகத்தில் நோட்டரி வேலைக்குக் கட்டணம் கிடையாது. கிளம்புவதற்கு முன்பே அங்கே முடித்துக்கொள்ளுங்கள். போர்டு பின்னணிச் சோதனை செய்யலாம். முடிவெடுக்க நாளாகும் என்றால் முழு லைசன்ஸுக்குரிய எல்லா உரிமைகளோடும் தற்காலிக லைசன்ஸ் கொடுக்கவும் சட்டம் இடம் தருகிறது.

நம்மவர்களுக்குச் சிக்கல் வருகிற இடம் திருமணச் சான்றிதழ்தான். கல்யாண மண்டப ரசீதும் கோயில் ரசீதும் உதவாது, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்த சான்றிதழ் வேண்டும். அது தமிழில் மட்டும் இருந்தால் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பை இணையுங்கள். அடுத்தது இனிஷியல். சான்றிதழில் அப்பா பெயரின் முதலெழுத்தோடு ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் அதே எழுத்து விரிந்து குடும்பப் பெயராக, வர்ஜீனியா லைசன்ஸில் கணவர் பெயர் கடைசியில் என்று ஒரே ஆள் மூன்று பேராகத் தெரிவார். விண்ணப்பத்தைப் பார்க்கும் எழுத்தருக்கு நம் இனிஷியல் வழக்கம் தெரியாது, ஃபைலை ஒதுக்கி வைத்துவிடுவார். இந்தப் பெயர்கள் எல்லாம் ஒருவரையே குறிக்கின்றன என்று தனியாக ஓர் அஃபிடவிட் எழுதி, அதையும் அதே நாளில் நோட்டரி செய்துவிடுங்கள். கணவரின் பெயர் ஆர்டரில் எப்படி இருக்கிறதோ அப்படியே சான்றிதழிலும் இருக்கிறதா என்றும் எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.

இந்த விண்ணப்பத்தோடு நின்றுவிட வேண்டாம். கூடவே கலிபோர்னியாவில் எண்டார்ஸ்மெண்ட் வழியாக, அதாவது வேறு மாநில லைசன்ஸைக் காட்டி, முழு லைசன்ஸுக்கும் விண்ணப்பியுங்கள். உங்களைப் போல வெளிநாட்டில் படித்தவர்களுக்கு அது மெதுவாக நகரும், காரணம் மதிப்பெண் பட்டியல் உங்கள் கல்லூரியிலிருந்து நேராகப் போர்டுக்குப் போக வேண்டும். உங்கள் கையிலிருக்கும் நகல் ஏற்கப்படாது. ஊரில் இருக்கும் யாரையாவது கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இப்போதே அனுப்பி அந்த வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள், மாதக்கணக்கில் இழுப்பது பெரும்பாலும் இதுதான். வர்ஜீனியா லைசன்ஸ் சரிபார்ப்பை நர்சிஸ் தளம் வழியாக 30 டாலர் கட்டி அனுப்பலாம். கைரேகைக்கு லைவ் ஸ்கேன் கலிபோர்னியாவுக்குள் மட்டுமே எடுப்பார்கள், ஆகவே சான் டியேகோ போய்ச் சேர்ந்த வாரமே எடுத்துவிடுங்கள். இன்னொரு பிடிமானமும் இருக்கிறது: பணியிலிருக்கும் ராணுவத்தினரின் மனைவிக்கு கலிபோர்னியா தன் சொந்தச் சட்டப்படி 12 மாதத் தற்காலிக லைசன்ஸ் தருகிறது. ஆனால் அதைப் புதுப்பிக்க முடியாது.

வர்ஜீனியாவைக் கைவிட்டுவிடாதீர்கள். பலர் இங்கேதான் இழக்கிறார்கள். புது ஊரில் டிரைவிங் லைசன்ஸ் எடுத்து, வாக்காளராகப் பதிந்து, வருமான வரியிலும் கலிபோர்னியாவாசி என்று காட்டினால் உங்கள் குடியிருப்பு மாநிலம் மாறிவிடும், மல்டிஸ்டேட் உரிமையும் அதோடு போய்விடும். அடுத்த மாற்றல் ஃபுளோரிடாவுக்கோ டெக்சஸுக்கோ வந்தால், இரண்டும் காம்பாக்ட் மாநிலங்களாக இருந்தும், உங்களுக்குப் பயன் இருக்காது. ராணுவத்தினரும் அவர்களின் மனைவிகளும் பணிக்காலம் முழுவதும் பழைய மாநிலத்தையே சொந்த மாநிலமாக வைத்துக்கொள்ள காம்பாக்ட் அனுமதிக்கிறது. உங்கள் சட்டபூர்வக் குடியிருப்பு வர்ஜீனியாதான் என்றால் அப்படியே வைத்திருங்கள். வர்ஜீனியா லைசன்ஸை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை உங்கள் பிறந்த மாதத்தில் புதுப்பிக்கவும் தவறாதீர்கள். அது காலாவதியானால் எஸ்.சி.ஆர்.ஏ. பாதுகாப்பும் சேர்ந்தே போய்விடும்.

மருத்துவமனை மறுபடி மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம். விண்ணப்பம் பெற்றதற்கான ஒப்புகையையும் உங்கள் நிலை குறித்த பதிலையும் போர்டிடமிருந்து எழுத்தில் வாங்கிக் காட்டுங்கள். போர்டே மறுத்தால் தளத்து லீகல் அசிஸ்டன்ஸ் வழக்கறிஞரைக் கடிதம் எழுதச் சொல்லுங்கள், அமெரிக்க நீதித்துறையின் (டிபார்ட்மெண்ட் ஆஃப் ஜஸ்டிஸ்) சிவில் உரிமைப் பிரிவுக்கும் புகார் அனுப்பலாம். டெக்சஸில் ஒரு விமானப்படை வீரரின் மனைவி, பள்ளி கவுன்சிலர், இதே பிரிவின் கீழ் மாநில அமைப்புகள் மீது வழக்குப் போட்டார். நீதித்துறை அவர் பக்கம் மனு தாக்கல் செய்தது, 2023இல் மத்திய நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தடையாணை தந்தது.

காத்திருக்கும் நாளில் இன்னொரு வழி: மத்திய அரசின் கடற்படை மருத்துவமனைக்கும் முன்னாள் படைவீரர் மருத்துவமனைக்கும் ஏதாவது ஒரு மாநிலத்தின் லைசன்ஸ் இருந்தால் போதும். சான் டியேகோவில் இரண்டுமே உண்டு. அந்த வேலைகளுக்கு அமெரிக்கக் குடியுரிமையைத்தான் பெரும்பாலும் எதிர்பார்ப்பார்கள்.

செலவில் 1,000 டாலர் வரை ஒவ்வொரு மாற்றலுக்கும் கணவரின் படைப்பிரிவு திருப்பித் தரும். புதிய லைசன்ஸின் நகல், ஆர்டர், பணம் கட்டிய ரசீதுகள் எல்லாம் கேட்பார்கள், ஒவ்வொரு ரசீதையும் பத்திரப்படுத்துங்கள்.

எஸ்.சி.ஆர்.ஏ. பணியிலிருப்பவர்களுக்கான சட்டம். உங்கள் கணவர் படையைவிட்டு விலகிய பின் அதை நம்பி வேலை பார்க்க முடியாது, அதன்பின் அந்தந்த மாநிலத்தின் விதிதான். அவருடைய ஒப்பந்தம் முடியும் தேதியைப் பார்த்து, அதற்குக் குறைந்தது ஆறு மாதம் முன்னதாகக் கலிபோர்னியாவின் முழு லைசன்ஸ் கையில் இருக்கும்படி வேலையை நகர்த்துங்கள்.