வாசகி கேட்டார்: மாமியாரை யார் பார்ப்பது?

கேள்வி: பக்கவாதத்தால் மாமியார் படுத்த படுக்கையாகிவிட்டார். அதிகாலையில் நான் காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போனால்தான் வீட்டில் அடுப்பு எரியும். ஆள் வைக்க வசதியில்லை. என்ன செய்வது? – வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: தங்கையே, ராயபுரத்து ஒண்டுக்குடித்தனத்தில் என் அம்மாவை நான்கு ஆண்டுகள் படுக்கையில் வைத்துப் பார்த்தவள் நான். பக்கத்திலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாமியாரின் பெயரைப் பதியச் சொல்லுங்கள். 2021-இல் தொடங்கியது. ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வரும். படுக்கையில் இருப்பவருக்கு இயன்முறை சிகிச்சையும் உண்டு. சிகிச்சை தர வீட்டுக்கு வருகிறவர் மாமியாரின் கை கால்களை எப்படி அசைக்கிறார் என்று கூடவே நின்று பாருங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இதை நான் தாமதமாகத்தான் கற்றேன். அதற்குள் அம்மாவின் முதுகில் புண் வந்துவிட்டது. முதியோர் உதவி எண் 14567, கட்டணமில்லை.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். கணவரைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே? நீங்கள் மீன் எடுக்கப் போயிருக்கும் நேரத்தில் புரட்டிவிடுவது அவர் வேலை. அவருடைய அம்மாதானே!