மும்முள்ளும் மீனின் கண்ணும்

கேள்வி: பிடித்த மீனைத் திரும்பவும் தண்ணீரிலேயே விட்டுவிடுவது என் வழக்கம். ஆனால் லூரில், அதாவது மீனை ஏமாற்றும் செயற்கை இரையில், தொங்கும் மும்முள்ளை (மூன்று முனையுள்ள தூண்டில் முள்) கழற்றுவதற்குள் மீனின் வாய் கிழிந்துவிடுகிறது. முள்ளின் பார்ப்பை நசுக்கிவிடலாமா? நசுக்கினால் ஒரு மீனும் நிற்காது என்கிறார் கூட வரும் நண்பர்.

பதில்: தாராளமாக நசுக்குங்கள். முனைக்குக் கீழே, சீவிவிட்ட செதில் மாதிரி பின்பக்கமாக நிற்கிறதே, அதுதான் பார்ப். பாய்ந்த முள் நழுவாமல் பிடித்துக்கொள்வது மட்டுமே அதன் வேலை. தூண்டில் நரம்பு தொய்யாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் பார்ப் இல்லாத முள்ளிலும் மீன் நிற்கும். எகிறிக் குதிக்கும்போது ஒன்றிரண்டு தப்பலாம். எப்படியும் விடப்போகிற மீன்தானே, போகட்டும்.

நசுக்குவதில் ஒரு பக்குவம் இருக்கிறது. குறட்டைக் குறுக்கே வைத்து அமுக்கினால் முனை உடைந்துபோகும். முனை நீளும் திசையிலேயே குறட்டின் வாயை வைத்து, மெல்ல மெல்ல அமுக்குங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், துண்டு தெறிக்கும். அப்புறம் பழைய பருத்தித் துணியில் முள்ளைக் குத்தி இழுத்துப் பாருங்கள். நூல் மாட்டாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் சரி. மாட்டினால் சின்ன அரத்தால் அந்த மேட்டைத் தேய்த்துவிடுங்கள்.

ஆனால் பார்ப்பைவிட என்னை உறுத்துவது மும்முள்தான். ஒருமுறை என் லூரைக் கவ்விய மீனுக்கு, லூரின் வயிற்றுப்பக்க முள் தாடையில் சரியாகத்தான் பாய்ந்திருந்தது. துள்ளிய துள்ளலில் லூரின் வாலடி மும்முள்ளின் ஒரு முனை அதன் கண்ணுக்குள் இறங்கிவிட்டது. கழற்றும்போது என் கை நடுங்கியது. விட்டதும் நீந்திப் போனது. அந்தக் கண்ணோடு எத்தனை நாள் இரை தேடியிருக்குமோ! அன்று இரவே பெட்டியிலிருந்த லூர்களில் மும்முள்ளையெல்லாம் கழற்றிவிட்டு ஒற்றை முள் மாட்டினேன்.

சாதாரண ஒற்றை முள்ளை லூரின் வளையத்தில் கோர்த்தால் பக்கவாட்டில் திரும்பிக்கொள்ளும். இதற்கென்றே கண் (வளையத்தில் கோர்க்கும் துளை) 90 டிகிரி திரும்பிய முள் இன்லைன் என்ற பெயரில் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். எடை குறைந்தால் லூரின் ஆட்டம் மாறும் என்பதால் ஓரிரு அளவு பெரிதாகப் போடுங்கள்: 6-ஆம் எண் மும்முள் இருந்த இடத்தில் 4 அல்லது 2. எண் குறையக் குறைய முள் பெரிது என்பது ஞாபகம் இருக்கட்டும். முன்முள்ளும் பின்முள்ளும் ஒன்றையொன்று தொடக்கூடாது. வாளித் தண்ணீரில் போட்டு, லூர் முன்புபோல மிதக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

பார்ப் இல்லாத ஒற்றை முள்ளை, மீனைத் தண்ணீரிலிருந்து தூக்காமலேயே கழற்றிவிடலாம். தொட வேண்டியிருந்தால் கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள். காய்ந்த கை மீனின் மேலுள்ள வழுவழுப்பை உரித்துவிடும். நோய் அண்டாமல் காப்பது அந்த வழுவழுப்புதான்.

கேள்வி: துருப்பிடிக்காத ஸ்டீல் முள் நீடித்து உழைக்கும் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: மீனை விடுகிறவர் வாங்க வேண்டாம். சில சமயம் மீன் தொண்டைக்குக் கீழே முள்ளை விழுங்கிவிடும். அப்போது பிடுங்கினால் செவுளும் குடலும் கிழியும். முள்ளை ஒட்டி நரம்பை வெட்டிவிட்டு மீனை விடுவதே மேல். சாதாரண முள் உள்ளேயே துருப்பிடித்து நாளடைவில் கரையும். ஸ்டீல் முள் அப்படியே கிடக்கும்.